58 வயதில் பந்தயத்தை விட்டுவிட வேண்டியதில்லை

வணக்கம் ஐயா. சங்கத்து இளைஞர்களுடன் வாரம் மூன்று நாள் வேகப்பயிற்சி செய்தும் 10 கிலோமீட்டர் ஓட்ட நேரம் 48 நிமிடத்திலிருந்து 53-க்குப் போய்விட்டதால், இந்த 58 வயதில் பந்தயங்களை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன்.

வயது கூடக்கூட இதயத்தின் உச்சத் துடிப்பும் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவும் குறைவது இயல்பு. ஆனால் உங்கள் விஷயத்தில், கடினமான மூன்று நாள்களுக்கு இடையே தசைகள் தேறுவதற்கு நேரமில்லை என்பதே பெரிய காரணமாக எனக்குப் படுகிறது. வேகப்பயிற்சியை ஒரு நாளாகக் குறைத்து, மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடி, கால்களுக்குப் பளுப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்பில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ இருந்தால் முதலில் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கனடாவின் எட் விட்லாக் 2004-இல், தமது 73-ஆம் வயதில், டொரண்டோ வாட்டர்ஃப்ரண்ட் மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி, வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தில் மணிக்கணக்கில் மெதுவாக ஓடியதுதான், வேகத்துக்கு அவர் நம்பியது அடிக்கடி ஓடிய சிறு பந்தயங்களை.

மூத்தோர் தடகளத்தில் 35 வயது முதல் ஐந்தாண்டுக்கு ஒரு பிரிவு என்பதால், இன்னும் இரண்டே ஆண்டுகளில் 60 வயதுப் பிரிவில் நீங்கள்தான் இளையவர்களில் ஒருவராக இருப்பீர்கள்.