பலகை இருக்கிறது, எழுத ஆள் இல்லை

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்துச் சின்ன விருந்தினர் விடுதிகளுக்கு இணையத்தளமும் முன்பதிவு வேலையும் செய்து கொடுக்கிறோம். நான் உப்புவெளியில் இருக்கிறேன். வடிவமைப்பவர் கிண்ணியாவில், எழுதுபவர் மூதூரில், கணக்குப் பார்ப்பவர் மட்டக்களப்பில், புரோகிராம் எழுதும் தம்பி ரொறன்ரோவில். எல்லாம் வாட்ஸ்அப்பிலும் ஸூமிலும்தான் நடக்கிறது. கூட்டத்தில் கதைப்பது நானும் ரொறன்ரோத் தம்பியும் மட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதி ஒட்டக்கூடிய ஒன்லைன் வைட்போர்ட், அதாவது இணையப் பலகை ஒன்று தொடங்கினோம். இரண்டு கிழமை எல்லாரும் கலர் கலராகத் துண்டுகள் ஒட்டினார்கள், பிறகு ஒருவரும் திறப்பதில்லை. இரண்டு பேரிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. எந்தப் பலகை நல்லது? காசு கட்ட வேண்டுமா?

பதில்: எந்தப் பலகை என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: "கூட்டத்தில் கதைப்பது நானும் ரொறன்ரோத் தம்பியும் மட்டும்." பலகையை எல்லாரும் கைவிட்டதற்கான காரணமும் அந்த வரியில்தான் இருக்கிறது.

அழைப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கதைக்க முடியும். மற்ற நாலு பேரும் முறைக்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்கும்போது நினைத்தது மறந்துபோகும், அல்லது "இதைச் சொல்லத்தான் வேண்டுமா" என்று தோன்றிவிடும். மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1987இல் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். ஒன்றாக இருந்து யோசனை சொல்லும் குழுவைவிட, அதே எண்ணிக்கையான ஆட்கள் தனித்தனியாக எழுதிச் சேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. முறைக்காகக் காத்திருப்பதே அதற்கு முக்கியமான காரணம் என்று கண்டார்கள். அந்தக் காத்திருப்பை இல்லாமல் செய்யப் பலகையால் முடியும், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம். ஆனால் பெரும்பாலான குழுக்களில் நடப்பது என்ன? ஒருவர் பலகையைத் திரையில் காட்டிக் கதைத்துக்கொண்டே எழுதுகிறார், மற்றவர்கள் டீவி பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். இரண்டு கிழமையில் அலுக்கத்தான் செய்யும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது கூட்டம் நடத்தும் முறையை. உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன்.

பலகையின் மேலே "சீசன் திட்டம்" என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியாது. அதை அழித்துவிட்டு ஒரு கேள்வி எழுதுங்கள்: "கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை இறங்கும் விருந்தினர், அறைக்குள் போய்ப் பையை வைக்கும்வரை என்னென்ன கேட்பார்?" இதற்கு ஐந்து பேரிடமும் பதில் இருக்கும். கணக்குப் பார்ப்பவருக்கு முன்பணம் ஞாபகம் வரும், மூதூர்க்காரருக்கு பஸ் நிலையமும் ஓட்டோக் கட்டணமும் ஞாபகம் வரும். வடிவமைப்பவர் வரைபடத்தை நினைப்பார்.

பிறகு எட்டு நிமிடம். மைக் எல்லாம் அணைத்திருக்க வேண்டும். ஒருவரும் கதைக்கக் கூடாது, நீங்களும்தான். ஒவ்வொருவருக்கும் பெயர் போட்ட ஒரு பெட்டியை முன்கூட்டியே வரைந்து வைத்திருங்கள். அவரவர் அவரவர் பெட்டிக்குள் ஒட்டட்டும். வெறும் பலகையைக் கண்டால் எங்கே வைப்பது என்றே பலர் தயங்குவார்கள், பெயர் போட்ட பெட்டி அந்தத் தயக்கத்தைப் போக்கிவிடும்.

ஒரு ஸ்டிக்கி நோட்டில், அதாவது பலகையில் ஒட்டும் ஒரு துண்டில், ஒரு விஷயம்தான், அதுவும் முழு வசனமாக. "படகு" என்று ஒட்டினால் நாளைக்கு ஒட்டியவருக்கே அது என்னவென்று விளங்காது. "புறாத் தீவுக்குப் படகுக் காசோடு நுழைவுச் சீட்டும் சேர்ந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள்" என்று எழுதினால், அது இணையத்தளத்தில் அப்படியே ஒரு கேள்வி பதிலாகப் போய் உட்காரும். உங்கள் பழைய பலகையைத் திறந்து பாருங்கள். ஒற்றைச் சொல்லில் எத்தனை துண்டு இருக்கிறதென்று எண்ணிப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

நான் உவர்மலையில் இருந்தபடி ஒரு தொண்டர் குழுவுக்கு இப்படி ஒரு கூட்டம் நடத்தியிருக்கிறேன். மூன்று கூட்டமாக வாயே திறக்காத ஒரு பிள்ளை அந்த எட்டு நிமிடத்தில் பதினொரு துண்டு ஒட்டியது. அதில் ஒன்று: "பொறுப்பாளர் போன் எடுக்காவிட்டால் நாங்கள் யாருக்கு எடுப்பது?" அதுவரை நாங்கள் போட்டுவைத்திருந்த திட்டம் முழுவதும் பொறுப்பாளர் போன் எடுப்பார் என்ற நம்பிக்கையில்தான் நின்றது. அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க அந்த ஒரு துண்டைப் பற்றித்தான் கதைத்தோம். அந்தப் பிள்ளையிடம் விஷயம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது, சொல்ல இடம்தான் இருக்கவில்லை.

எட்டு நிமிடம் முடிந்ததும் வாசிப்பு. அவரவர் துண்டை அவரவரே வாசிக்கட்டும். பிறகு ஒன்றோடு ஒன்று சேர்வதைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வையுங்கள். இந்த வேலைக்கு ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா 1960களில் ஒரு முறை வகுத்தார். களத்தில் எடுத்த குறிப்புகளைத் துண்டு துண்டாக எழுதி, ஒத்துப்போவதை ஒன்றாக வைத்து, அதற்குப் பிறகுதான் அந்தத் தொகுதிக்குத் தலைப்பு வைப்பது. "பிறகுதான்" என்பது முக்கியம். "போக்குவரத்து, உணவு, அறை" என்று முதலே தலைப்புப் போட்டுவிட்டால் எல்லாம் அதற்குள்ளேயே போய் விழும். தலைப்பில்லாமல் சேர்த்தால்தான் "அறை கொடுக்க முதல் பையை எங்கே வைப்பது", "குளிக்க இடமுண்டா", "காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு" மூன்றும் ஒன்றாக வந்து, விடிய வரும் விருந்தினருக்கென்று தனிப்பக்கம் ஒன்று தேவை என்பது தெரியவரும்.

கடைசியாக ஆளுக்கு மூன்று புள்ளி. எதை முதலில் செய்வது என்று அவரவர் நினைக்கிறாரோ அதில் புள்ளி வைக்கட்டும். சில பலகைகளில் வோட்டுப் போடும் வசதி இருக்கிறது, இல்லாவிட்டால் சின்ன வட்டம் போதும். அதிகப் புள்ளி வாங்கிய மூன்று துண்டில் மட்டும் ஒரு பெயரும் ஒரு திகதியும் எழுதி, அந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் போடுங்கள். தினமும் ஆட்கள் பார்ப்பது வாட்ஸ்அப்பைத்தான். முடிவு பலகையிலேயே கிடந்தால் யாரும் தேடிப் போகமாட்டார்கள். அப்படிப் போகவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

சரி, போன் மட்டும் உள்ள இருவர். பெரும்பாலான பலகைகளைப் போனிலும் திறக்கலாம், ஆனால் விரலால் பெருப்பித்துச் சிறுப்பித்து ஓடித் திரிவது பெரிய கஷ்டம். இடைநடுவில் வேறொருவருடைய துண்டு கைபட்டு நகர்ந்துவிடும். இரண்டு வழி சொல்கிறேன். அவர்களுடைய பெட்டியை அகலமாக வரையாமல், போன் திரைபோல் ஒடுக்கமாகவும் கீழ்நோக்கி நீளமாகவும் வரையுங்கள். அதற்கு ஒருமுறை போய் நின்றால் பிறகு மேலும் கீழும் மட்டும் தள்ளினால் போதும். அதுவும் சரிவராவிட்டால், எட்டு நிமிடத்தில் தோன்றுவதை வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வரியாக ஒருவருக்கு அனுப்பட்டும், அவர் ஒட்டட்டும். ஒட்டுபவர் ஒரு சொல்லையும் திருத்தக் கூடாது, அனுப்பியவரின் பெட்டிக்குள்தான் ஒட்ட வேண்டும். அந்த வேலையை ஒவ்வொரு தடவையும் வேறொருவர் செய்யட்டும், இல்லாவிட்டால் ஒரே ஆள் எப்போதும் எழுத்தராகிவிடுவார்.

டேட்டாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இது எங்கள் எல்லாருக்கும் உள்ள பிரச்சினை. பலகை ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு பெரும்பாலும் மாற்றங்கள் மட்டும்தான் போய்வரும், அது சின்ன அளவு. டேட்டாவைத் தின்பது வீடியோ. ஒரு மணித்தியால வீடியோக் கூட்டம் நூற்றுக்கணக்கான எம்பியை எடுத்துவிடும். வீடியோவை அணைத்துக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணைப் பலகையில் வையுங்கள். விடுதிப் படங்களைப் போனில் எடுத்தபடியே பலகையில் போட வேண்டாம், சிறிதாக்கிப் போடுங்கள். இருபது பெரிய படம் ஏறிய பலகை மூதூரில் ஒரு போனில் திறக்கவே மாட்டாது. கரண்ட் போய் இணைப்பு அறுந்தால் பலகை திறந்திருக்கும் பக்கத்தை மூடாமல் விடுங்கள். இணைப்பு வந்ததும் நீங்கள் எழுதியதைச் சேர்த்துக்கொள்ளும் பலகைகள் உண்டு, பக்கத்தை மூடினால் அந்த வாய்ப்பும் போய்விடும். ஒரே துண்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதுவதையும் தவிருங்கள், சில பலகைகளில் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததுதான் நிற்கும்.

ரொறன்ரோத் தம்பிக்கும் உங்களுக்கும் நேரம் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். ஜூலையில் உங்களுக்கு இரவு 8 மணி என்றால் அவருக்குக் காலை 10.30. அவர் புத்துணர்ச்சியோடு கதைக்கிறார், நீங்கள் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள், மற்ற மூவரும் இரவுச் சமையலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நடுவில் இருப்பார்கள். ஆகவே உங்கள் விஷயத்தில், மேலே சொன்ன எட்டு நிமிட எழுதும் பகுதியைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கேள்வியைப் பலகையில் போடுங்கள். ஞாயிறு பின்னேரம்வரை அவரவருக்கு வசதியான நேரத்தில் எழுதட்டும். அழைப்பில் சேர்ப்பதும் முடிவெடுப்பதும் மட்டும். ஒரு மணித்தியாலக் கூட்டம் அரை மணித்தியாலத்துக்குள் முடியும்.

தமிழில் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் பலகையை விட்டுப்போனவர்களை நான் கண்டிருக்கிறேன். உங்கள் எழுத்தாளர் பாமினியில் பழகியவராக இருக்கலாம். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பிலிருந்து வெட்டிப் பலகையில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தது. பலகைக்குத் தெரிந்தது யுனிகோட் என்ற பொது எழுத்துமுறை மட்டும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. புதிதாகத் தட்டுவதற்கு, பாமினி விசைப்பலகைப் பழக்கத்தை வைத்துக்கொண்டே யுனிகோடில் எழுதும் மென்பொருள்களும் உண்டு, விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. போனில் இந்தச் சிக்கல் இல்லை. பலகையைப் பிடிஎஃப் ஆக எடுக்கும்போது மட்டும் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாறியிருந்தால் படமாக எடுங்கள்.

இணைப்பை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதிலும் கவனம். நான் ஒருமுறை, இணைப்பு கிடைத்த எவரும் திருத்தலாம் என்ற நிலையில் வைத்து, அதை ஒரு பெரிய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் பாதித் துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. யாரோ போனில் பார்க்கப் போய் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்திருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது. முதல்நாள் எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்துத்தான் திருப்பி அடுக்கினேன். அதிலிருந்து தலைப்பு, பெட்டிகள் எல்லாவற்றையும் பூட்டி வைக்கிறேன், கூட்டம் முடிந்ததும் ஒரு படம் எடுத்துச் சேமிக்கிறேன். விருந்தினர்களின் பெயர், கடவுச்சீட்டு எண், போன் இலக்கம் எதையும் பலகையில் போடவே வேண்டாம்.

இனி, எந்தப் பலகை. ஐந்து பேருக்கு, நீங்கள் செய்யும் வேலைக்கு, இப்போது காசு கட்டத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. மிரோ என்ற பலகையின் இலவசத் திட்டத்தில் திருத்தக்கூடிய பலகை மூன்று கிடைக்கும். உங்களுக்கு ஒன்றே போதும், முடிந்ததைப் படமாக எடுத்துவிட்டு அதையே துடைத்துப் பாவிக்கலாம். வடிவமைப்பவர் பிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறார் என்றால் அதே நிறுவனத்தின் பலகையான பிக்ஜாம் அவருக்குக் கைவந்தது, அதையே எடுங்கள். கணக்குத் திறக்கவே சிலர் தயங்குகிறார்கள் என்றால் எக்ஸ்காலிட்ரோ என்ற பலகை. இணைப்பைத் திறந்தால் எழுதலாம், பதிவு வேண்டாம். ஆனால் கோப்பை நீங்கள்தான் சேமித்து வைக்க வேண்டும். எதை எடுத்தாலும் ஆறு மாதத்துக்கு மாற்ற வேண்டாம், போனில் பார்ப்பவர்களுக்குப் புதிது பழகுவதுதான் பெரிய செலவு. கையில் பிரதி வைத்திருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் காரணம் உண்டு: கூகுள் ஜாம்போர்ட் என்ற தன் பலகையை 2024 டிசம்பர் 31ஓடு மூடிவிட்டது. பெரிய நிறுவனத்தின் பலகை என்பதால் அது எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது.

மே மாதம் சீசன் தொடங்கினால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதற்கு முதல் மூன்று நாலு தடவையாவது இப்படிச் செய்து பழகிவிடுங்கள். பழைய பலகையை அழிக்காமல் ஒரு ஓரத்தில் வையுங்கள், அதில் இருக்கும் ஒற்றைச் சொற்களுக்கு முழு வசனம் எழுதச் சொல்வதே ஒருநாள் வேலைக்கு நல்ல கேள்வி. நான் மேலே சொன்ன பஸ் கேள்வியை உதாரணத்துக்குத்தான் சொன்னேன். முதல் வெள்ளிக்கிழமை பலகையில் போகவேண்டிய கேள்வியை நீங்களும் எழுத வேண்டாம், ரொறன்ரோத் தம்பியும் எழுத வேண்டாம். மூதூரில் இருப்பவரிடம் கேளுங்கள்.