ஆறு வயதில் வீடு வரும் மகன்

கேள்வி: நானும் கணவரும் பல ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா வழங்கும்) அட்டை இருக்கிறது. அவருக்கு 47 வயது, எனக்கு 45. பதினொரு வயதில் ஒரு மகள் உண்டு. இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப் பதிந்திருந்த எங்களுக்கு, மகாராஷ்டிரத்தில் ஓர் இல்லத்தில் வளரும் ஆறு வயதுச் சிறுவனின் விவரங்கள் வந்திருக்கின்றன. உதட்டுப் பிளவையும் அண்ணப் பிளவையும் அறுவைச் சிகிச்சை செய்து மூடியிருக்கிறார்கள்; பேச்சு தெளிவாக இல்லை. திருநெல்வேலியில் இருக்கும் என் மாமியார், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? அந்தப் பிள்ளை நம்மோடு ஒட்டுமா?" என்று கலங்குகிறார். கைக்குழந்தைக்குக் காத்திருப்பதா, இவனை ஏற்பதா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: கைக்குழந்தை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள், சகோதரி. 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. நான்கு வயது வரை 90, எட்டு வயது வரை 100. உங்கள் இருவருக்கும் சேர்த்து 92 ஆகிறது. தவிர, காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் இந்தியாவில் வசிப்போருக்கும் இந்தியக் குடியுரிமையைத் தக்கவைத்துள்ள வெளிநாடுவாழ் இந்தியருக்கும் முன்னுரிமை தருவதால், உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகளாகவோ சிறப்புக் கவனிப்பு தேவைப்படுபவர்களாகவோதான் இருப்பார்கள்.

ஒப்புதல் தருவதற்கு முன், மருத்துவ அறிக்கையை வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்படும் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவது மிகச் சாதாரணம்; பேச்சு தெளியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், செவித்திறன் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அவன் பேசும் காணொளி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். பிளவு மூடப்பட்டுவிட்டதால் சிகிச்சை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஈறு எலும்பிலும் பிளவு இருந்தால், பொதுவாக எட்டு வயதிலிருந்து பதினொன்றுக்குள் எலும்பு வைத்து அதை நிரப்ப வேண்டியிருக்கும். பிறகு பல்வரிசைச் சீரமைப்பு, ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. கணவரின் அலுவலகம் வழியாகக் காப்பீடு இருந்தால், பிள்ளை உங்கள் பொறுப்பில் வந்த 30 நாட்களுக்குள் அவன் பெயரைச் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள். இவை எல்லாம் செய்யக்கூடியவையே. ஆனால் வாரம் இரண்டு பிற்பகல்களை அவனுக்கென்று ஒதுக்க உங்களில் ஒருவரால் முடியுமா என்பதைக் கணவரோடு அமர்ந்து இப்போதே பேசிவிட வேண்டும்.

உங்கள் மாமியாரின் கலக்கம் நியாயமானது; அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு மொழி உண்டு, ஒரு பெயர் உண்டு, பக்கத்துப் பாயில் உறங்கிய நண்பன் உண்டு. அவற்றை எல்லாம் ஒரே விமானப் பயணத்தில் இழந்து வருகிறவன் நம்மை உடனே 'அம்மா' என்று கட்டிக்கொள்ள வேண்டும் என எதிர்பார்ப்பது அவனுக்கு நாம் செய்யும் அநீதி. எனக்குத் தெரிந்த குடும்பத்துக்கு எட்டு வயதில் வந்த சிறுமி, இரவில் செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உறங்குவாள். இல்லத்தில் வெளியே விட்ட செருப்பு காலையில் இருக்காது. அந்தத் தாய் அதைப் பிடுங்கவில்லை; ஒவ்வொரு மாலையும் செருப்பைக் கழுவித் துடைத்து மகளின் கையில் கொடுத்தார். எட்டு மாதம் ஆயிற்று, அது வாசலுக்குப் போக.

ஆகவே பெயரை மாற்ற அவசரப்படாதீர்கள். அவனுக்குத் தெரிந்தது மராத்தி என்றால், அவன் வருவதற்குள் நீங்கள் மூவரும் ஐம்பது சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். 'பூக் லாக்லீ' என்றால் பசிக்கிறது, 'துக்தய்' என்றால் வலிக்கிறது. தெளிவாகப் பேச முடியாத பிள்ளை, தெரியாத ஊரில், வலியைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் தவிப்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் மகளிடமும் மறைக்காமல் பேசுங்கள். முதல் ஓராண்டில் அவள்மீது உங்கள் கவனம் குறையத்தான் செய்யும்.

நடைமுறையைப் பொறுத்தவரை, 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஐந்து வயதைக் கடந்த பிள்ளை என்பதால் அவனுடைய சம்மதமும் கேட்கப்படும். அவன் வீடு வந்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு, முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அறிக்கை அனுப்பப்படும். வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளரிடம் சிரமங்களை ஒளிக்காதீர்கள். உதவி கேட்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

மருத்துவர் சொல்வதை முழுவதும் கேட்ட பிறகும் உங்கள் மனம் அவனிடமே நின்றால், ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: மதுரையில் இருக்கும் என் அண்ணன் மகனுக்குப் பதினைந்தரை வயது. அண்ணனும் அண்ணியும் நன்றாக இருக்கிறார்கள். அவனை இங்கே படிக்க வைக்க, ஊரிலேயே தத்து எழுதி அழைத்துவர முடியுமா?
– வாசகர், டாலஸ்

பதில்: முடியாது, தயவுசெய்து முயலவும் வேண்டாம். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையின் கீழ் அமெரிக்கக் குடிமக்கள் தத்தெடுக்கும் பிள்ளைக்கான ஐ-800 என்ற அமெரிக்கக் குடியேற்ற விண்ணப்பம், பொதுவாக அவனது 16-ஆவது பிறந்த நாளுக்கு முன் பதிவாக வேண்டும். அதற்கும் முன் ஐ-800ஏ என்ற படிவத்தின் வழியாக நீங்கள் தகுதி பெற்றிருக்க வேண்டும். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால், மகனை முறையாகப் பேணும் நிலையில் அவர்கள் இல்லை என்பதையும் நிறுவ வேண்டும். உங்கள் அண்ணன் குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை. தத்து என்பது பெற்றோருக்கும் மகனுக்கும் உள்ள சட்ட உறவை நிரந்தரமாக முறிப்பது. அவனுடைய படிப்புதான் நோக்கம் என்றால், மாணவர் விசாவுக்கு அவன் தகுதி பெறப் பணமும் நேரமும் கொடுத்து உதவுங்கள்; அவன் அண்ணனின் மகனாகவே வரட்டும்.