மோனார்க் வண்ணத்துப்பூச்சியைச் சென்னையில் வீட்டில் வளர்க்க முடியுமா?

யாரோ மோனார்க் புழு வளர்க்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு உங்கள் மகன் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். மோனார்க் இங்கே கிடையாது. குளிர் நெருங்கும்போது கனடா, அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ மலைக்காடுகள் வரை 4,000 கிலோமீட்டர் பறந்து போகிற பூச்சி அது. யாராவது முட்டை வரவழைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

ஆனால் அதன் நெருங்கிய உறவு ஒன்று உங்கள் தெருவிலேயே பறந்துகொண்டிருக்கும். பெயர் வெந்தய வரியன். ஆரஞ்சு இறக்கை, கறுப்பு விளிம்பு, முன்னிறக்கை நுனியில் வெள்ளைப் பட்டை. புழுவும் மோனார்க் புழு போலவே கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு இருக்கும். மோனார்க் புழுவுக்கு இரண்டு ஜோடிக் கொம்பு, இதற்கு மூன்று ஜோடி. நான் நான்கு வருடமாக ஆதம்பாக்கத்தில் எங்கள் பால்கனியில் வளர்ப்பது இதைத்தான்.

புழுவைத் தேடுவதற்கு முன்னால் எருக்கைத் தேடுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுவோமே, அதே எருக்கு. காலி மனை, ரயில் தண்டவாள ஓரம், ஏரிக்கரை எங்கும் இருக்கும். இரண்டு மூன்று இடங்களையாவது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆறு புழுக்கள் நன்றாக வளர்ந்து வந்த நேரத்தில், நான் இலை பறிக்கும் மனையை ஜேசிபி வந்து மொத்தமாக வழித்துவிட்டது. வேறு எந்தக் கீரையைப் போட்டாலும் அவை தொடாது, பட்டினி கிடந்தே செத்துவிடும். அன்று இருட்டும் நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணை வரை எருக்கு தேடி அலைந்தேன்.

எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. பறித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இலையை ஃபிரிட்ஜில் வைக்கப் போனபோது, "சோறு இருக்கிற இடத்துல எருக்க வைக்காதடா" என்று அம்மா தடுத்தார். அவர் சொன்னதுதான் சரி. காம்போடு ஒடித்துத் தண்ணீரில் நிறுத்தினாலே இரண்டு நாள் வாடாது. அந்தப் பாலில் உள்ள நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, பூச்சியான பிறகும் தங்கிவிடுவதால்தான் பறவைகள் அதைத் தின்னத் தயங்குகின்றன. புழு இலையின் நடுநரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டு, அப்புறம் ஓரத்திலிருந்து தின்னத் தொடங்குவதை மகனுக்குக் காட்டுங்கள்.

பெரிய புழுவாக எடுத்து வருவதைவிட முட்டையாக எடுப்பது நல்லது. இலைக்கு அடியில், கசகசா அளவில், வெள்ளையாக ஒற்றையாக ஒட்டியிருக்கும். வெளியே வளர்ந்த புழுவுக்குள் ஒருவகை ஈ ஏற்கெனவே தன் குஞ்சை விட்டிருக்கலாம். நான் கொண்டுவந்த இரண்டு அப்படித்தான், கூட்டுப்புழுவான பிறகு பழுப்பேறிச் செத்தன.

பாத்திரத்துக்கு ஓர் உயரமான பிளாஸ்டிக் வாளி போதும். அடியில் பேப்பர், வாயில் கொசுவலைத் துணி. எச்சத்தைத் தினமும் எடுத்துவிடுங்கள். அந்த அறையில் கொசுவர்த்தியோ மின்சாரக் கொசுவிரட்டியோ வேண்டவே வேண்டாம்.

உயரம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வாரம் தின்ற புழு வலைக்கு ஏறி, தூண்டில் முள் மாதிரி வளைந்து தலைகீழாகத் தொங்கும். மறுநாள் தோல் உரிந்து, பொன் புள்ளி வைத்த பச்சைக் கூடாகிவிடும். பத்து நாள் போனதும் கூடு கண்ணாடியாகி ஆரஞ்சு நிறம் உள்ளே தெரியும். அடுத்த நாள் காலையில் வெளியே வரும்போது இறக்கை ஈரத்துணி போலச் சுருங்கியிருக்கும். அது தொங்கிக்கொண்டே விரிந்து காய வேண்டும். முதல் வருடம் ஊறுகாய் பாட்டிலில் விட்டிருந்தேன். இடம் போதாமல் ஓர் இறக்கை பாட்டில் சுவரில் மடங்கி, அப்படியே காய்ந்துவிட்டது. அதனால் பறக்கவே முடியவில்லை. என் மகள் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துப் பார்த்துக்கொண்டாள். நான்கு நாள் இருந்தது. அதற்கப்புறம் நான் பாட்டிலைத் தொட்டதே இல்லை.

இறக்கை காய இரண்டு மூன்று மணி நேரம் கொடுங்கள். வெயில் ஏறியதும் வலையை அவிழ்த்தால் போதும், தானே போய்விடும்.

உங்கள் பக்கம் எருக்கே இல்லையென்றால் தொட்டியில் உள்ள கறிவேப்பிலையைப் பாருங்கள். காக்கை எச்சம் போல ஒன்று இலைமேல் ஒட்டியிருந்தால் அது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழுவாக இருக்கலாம். அதற்கு வீட்டுச் செடியின் இலையை மட்டும் போடுங்கள், கடையில் வாங்கியதில் மருந்து அடித்திருப்பார்கள்.