பூட்டிக்கொள்ளும் பின்னங்கால்
வாசகர் கேள்விகளுக்குக் குதிரை மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் குதிரைக்கு நான்கு வயது, காயடித்த ஆண். குளம்பில் சீழ் வைத்ததால் இரண்டு மாதம் லாயத்திலேயே கட்டி வைத்திருந்தோம். புண் ஆறிவிட்டது. இப்போது காலையில் வெளியே கூட்டி வந்தால் இடது பின்னங்கால் பின்பக்கம் நீட்டியபடி விறைத்துக்கொள்கிறது. குளம்பின் நுனி தரையில் இழுபடுகிறது. நாலைந்து எட்டு வைத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், அதன்பின் ஒழுங்காக நடக்கிறான். வாதம் என்கிறார் ஒருவர். மூட்டில் இருக்கும் நாரை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். முடிவு செய்யும்வரை ஓய்வு கொடுக்கலாமா, டாக்டர்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டிப்போட்டு ஓய்வு கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த இரண்டு மாத ஓய்வுதான் இதைக் கொண்டுவந்திருக்கிறது.

கோளாறு இருக்கும் இடம் ஸ்டைஃபிள். ஸ்டைஃபிள் என்று நாங்கள் சொல்வது குதிரையின் உண்மையான முழங்கால். பின்னங்காலின் நடுவில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டைத்தான் பலர் முட்டி என்று நினைக்கிறார்கள். அது நம் கணுக்காலுக்குச் சமம். ஸ்டைஃபிள் அதற்கும் மேலே, வயிற்றின் ஓரத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே கையை வைத்தால் முட்டிச்சில்லு தட்டுப்படும். சில்லைக் கீழ்க்கால் எலும்போடு பிணைப்பவை மூன்று நார்கள். தொடை எலும்பின் உள்பக்க மேட்டின் மீது சில்லும் உள்பக்க நாரும் கொக்கிபோல மாட்டிக்கொண்டால் கால் மடங்காது. குதிரை நின்றபடியே கண்ணயர்வது இந்தப் பூட்டை வைத்துத்தான். ஆகவே உங்கள் குதிரைக்குப் பூட்டு இருப்பது கோளாறில்லை, அது திறக்கத் தாமதமாவதுதான் கோளாறு.

பூட்டைத் திறப்பது தொடையின் முன்பக்கத் தசை. அது சில்லை மேலே தூக்கி வெளிப்பக்கம் நகர்த்தினால்தான் கொக்கி விடுபடும். இரண்டு மாதம் நின்றே கிடந்த குதிரைக்கு அந்தத் தசை வற்றியிருக்கும். இளவயது, மெலிவு, பின்னங்கால் மூட்டுகள் வளைவு குறைந்து கம்பம்போல நேராக இருக்கும் உடலமைப்பு, இவை சேர்ந்தால் இன்னும் எளிதாக மாட்டும். வாதமாக இருந்தால் இப்படிச் சத்தத்தோடு விடுபட்டு மறுநொடியே சரியாக நடக்காது.

என் தொழிலின் முதல் ஆண்டில் இதே அடையாளங்களோடு ஒரு பெண் குதிரையைக் காட்டினார்கள். காலில் கோளாறு என்றாலே ஓய்வு என்று படித்திருந்த நான் ஒரு மாதம் கட்டி வைக்கச் சொன்னேன். மாதம் முடிந்தபோது இரண்டு கால்களும் பூட்டிக்கொண்டன. அவளை மீட்கப் பிறகு நான்கு மாதம் நடத்த வேண்டியிருந்தது. நடத்தியவர் அவளைப் பராமரித்தவர், நான் இல்லை. அவருடைய அந்த உழைப்புக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அன்றிலிருந்து 'ஓய்வு' என்று எழுதும் முன் மூட்டைத் தொட்டுப் பார்க்காமல் எழுதியதில்லை.

நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். முட்டிச்சில்லுக்குக் கீழே மூன்று நார்களுக்கு நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். நார்கள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது. தண்ணீர்ப் பை போலப் பொம்மியிருந்தாலோ, பூட்டு விட்ட பிறகும் நொண்டினாலோ நான் கீழே சொல்லும் பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம். மருத்துவரை வரவழைத்துப் படம் எடுத்துப் பாருங்கள்.

வீக்கமும் நொண்டலும் இல்லையென்றால் நடத்துங்கள். முதல் இரண்டு வாரம் நேர்க்கோட்டில், கெட்டியான தரையில், காலையும் மாலையும் இருபது நிமிடம் வெறும் நடை. வசதி இருந்தால் மீதி நேரம் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். மேய்ந்துகொண்டே அவன் நடக்கும் நடையும் பயிற்சிதான். மூன்றாம் வாரத்திலிருந்து மெல்லிய சரிவில் ஏற்றுங்கள். ஏற்றம்தான் தொடைத் தசையை வளர்க்கும். இறக்கத்தில் பூட்டு மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம், அதனால் நிதானமாக இறக்குங்கள். ஐந்தாறு வாரத்தில் நேர்க்கோட்டில் ட்ராட், அதாவது மெல்லோட்டம், சேர்க்கலாம். தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டி நடப்பதும், சில எட்டுகள் பின்னோக்கி நடப்பதும் நல்லது. நீண்ட கயிற்றில் கட்டிச் சின்ன வட்டத்தில் சுற்ற விடுவதை மட்டும் நிறுத்துங்கள். கால் புதையும் மணலும் வேண்டாம். இரண்டும் தளர்ந்த தசையைச் சீக்கிரம் சோர வைக்கும்.

கால் பூட்டியிருக்கும்போது முன்னால் இழுக்காதீர்கள், அடிக்கவும் வேண்டாம். தலைக்கயிற்றைப் பிடித்து அமைதியாகப் பின்னோக்கித் தள்ளுங்கள். ஓரிரு எட்டில் பெரும்பாலும் விடுபடும். விடுபடும் நொடியில் கால் வெடுக்கென்று மேலே வரும், அதனால் யாரும் பின்னால் நிற்கக் கூடாது. பூட்டு விடவே இல்லையென்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

லாடம் அடிப்பவரையும் கூப்பிடுங்கள். குளம்பின் முன்நுனி நீண்டிருந்தால் கால் தரையை விட்டு எழும்பத் தாமதமாகும். நுனியைக் குறைத்து உருட்டி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி சீவச் சொல்லுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்து பாதிக் கோளாறு குறைந்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன்.

நார் வெட்டுவதைப் பற்றி. உள்பக்க நாரைத் துண்டித்தால் கொக்கி மாட்ட வழியில்லை என்பது உண்மை. ஆனால் மூன்று நார்களில் ஒன்றை இழந்த சில்லு நிலைகுலையும். அதன் கீழ்நுனி நொறுங்கி, ஆயுளுக்கும் நொண்டும் குதிரைகள் உண்டு. நாரை வெட்டாமல் அதில் நுண்ணிய கீறல்கள் போட்டுத் தடிக்க வைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. தேவைப்பட்டால் முதலில் அதைக் கேளுங்கள். எதுவானாலும், மூன்று மாதம் ஒழுங்காக நடத்திப் பார்த்தபின் பேச வேண்டிய பேச்சு. நான்கு வயதுக் குதிரை அவன், தசை வளரும் வயது. அந்த வாய்ப்பை அவனுக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் ஒன்றரை வயதுப் பெண் குட்டிக்கு இரண்டு ஸ்டைஃபிளும் முன்பக்கம் பந்துபோல வீங்கியிருக்கின்றன. நொண்டல் கொஞ்சம்தான். ஏற்றத்தில் ஓட்டினால் சரியாகும் என்று சொல்லி ஒரு மாதமாக ஓட்டுகிறோம். வீக்கம் குறையவில்லை.

பதில்: இன்றே நிறுத்துங்கள். மேலே ஒருவருக்கு மருந்தாகச் சொன்ன ஏற்றம் உங்கள் குட்டிக்குக் கேடாகலாம். வளரும் குட்டியில் இரண்டு பக்கமும் இப்படி நீர் கோத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது குருத்தெலும்புக் கோளாறை. தொடை எலும்பின் வெளிப்பக்க மேட்டில் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல், செதிலாகப் பெயர்ந்து மூட்டுக்குள் உரசும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிந்துவிடும். வீக்கம் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் இரண்டு மூட்டையும் படம் எடுக்க வேண்டும். தொடை எலும்பின் கீழ்முனையில் உள்பக்கம் உருண்டையாக இருக்கும் குமிழில், எலும்புக்குள் நீர்க்கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். செதில் பெயர்ந்திருந்தால் சின்னத் துளை வழியே கேமரா விட்டு எடுத்துவிடலாம். சேதம் சிறிதாக இருந்து, காலத்தோடு எடுத்த குட்டிகள் வளர்ந்து சவாரிக்கும் வந்திருக்கின்றன. படம் வரும்வரை சிறிய அடைப்பில் அமைதியாக வையுங்கள். தானியத் தீவனத்தைக் குறைத்து, புல்லும் தாதுஉப்பும் சரியான அளவில் கொடுங்கள். வேகமாக எடை கூடுவது இந்த மூட்டுக்கு நல்லதல்ல.

கேள்வி: பதினெட்டு வயதுக் குதிரை. ஸ்டைஃபிளில் தேய்மானம் என்று உறுதியாகிவிட்டது. தினமும் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்தைக் கொடுக்கலாமா? லாடம் அடிக்கும்போது பின்னங்காலைப் பிடுங்கிக்கொண்டு உதைக்கிறாள். முன்பு அப்படிச் செய்தவள் இல்லை.

பதில்: அளவும் நாட்களும் உங்கள் மருத்துவர் குறித்துத் தந்தபடி கொடுக்கலாம். நீங்களாகக் கூட்டாதீர்கள், இன்னொரு வலி மருந்தை அதோடு சேர்க்கவும் வேண்டாம். குடலிலும் வயிற்றிலும் புண் வரும், சிறுநீரகம் கெடும். சாணம் இளகினாலோ தீனி குறைந்தாலோ அன்றே நிறுத்திச் சொல்லியனுப்புங்கள். மூட்டுக்குள் போடும் ஊசிகளும் இருக்கின்றன, அவை சில மாதம் தாங்கும். எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படுத்து எழ வசதியாகப் படுக்கையைத் தடிமனாக, வழுக்காதபடி போடுங்கள்.

உதைப்பதற்காக அவளைத் தண்டிக்க வேண்டாம், அது வலி. காலை உயரத் தூக்கி வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் தேய்ந்த ஸ்டைஃபிள் முழுதாக மடங்கி முறுக்கிக்கொள்ளும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வயிற்றுக்குக் கீழே நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆணி அடித்ததும் காலைக் கீழே விட்டு ஒரு நிமிடம் நிற்க விடட்டும். அன்று காலை அரை மணி நேரம் நடத்திவிட்டு, உடல் சூடாக இருக்கும்போதே லாடக்காரரிடம் கொண்டு போய் நிறுத்துங்கள்.