அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டர் ஜெனரலா, லெப்டினன்ட் கர்னலா?
இரண்டும் சரி. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1861இல் வகுப்பில் கடைசி இடத்தில் தேறிய ஜார்ஜ் கஸ்டர், 23 வயதிலேயே பிரிகேடியர் ஜெனரல் ஆனார். வியப்பான உயர்வுதான்! ஆனால் அது அமெரிக்க உள்நாட்டுப் போருக்காகத் திரட்டிய தற்காலிகத் தன்னார்வப் படையின் பதவி. பொறுப்புத் தலைமையாசிரியர் பொறுப்பு முடிந்ததும் பழைய பணிக்குத் திரும்புவதுபோல, போருக்குப் பின் அவர் நிரந்தர ராணுவத்தில் தமக்கிருந்த கேப்டன் பதவிக்கே திரும்பினார்.

1866இல் ஏழாம் குதிரைப்படையின் லெப்டினன்ட் கர்னல் ஆனார். 1876இல் அமெரிக்கப் பூர்வகுடிகளுடன் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் இறந்தபோதும் அதே பதவிதான். ‘பிரவெட்’ என்பது அன்று வீரத்துக்குத் தந்த கௌரவப் பதவி. அவரிடம் மேஜர் ஜெனரல் பிரவெட் இருந்ததால் மரியாதையாக ஜெனரல் என்றே அழைத்தார்கள்.

1867இல் ராணுவ நீதிமன்றம் அவரை ஓராண்டு பணியிலிருந்து விலக்கிவைத்தது உண்மை. ஆனால் சிலர் நினைப்பதுபோல ஜெனரல் பதவி போனது அந்தத் தண்டனையால் அல்ல, அந்தப் பதவி முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது.