கூம்பு மாட்டிய பூனை பின்னோக்கி நடப்பதேன்?

கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்து வந்த உங்கள் பூனை, தையலை நக்காதிருக்க மாட்டும் கழுத்துக் கூம்போடு பின்னோக்கியே நடக்கிறது, சாப்பிடவும் மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பூனை மீசைமயிரால் இடத்தை உணரும் பிராணி. கூம்பின் விளிம்பு அதில் ஓயாமல் உரசுவதால், எதிலோ அகப்பட்டுவிட்டதாக எண்ணிப் பின்வாங்குகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் பழகிவிடும்.

தட்டு கூம்பின் வாயைவிடச் சிறியதாகவும் சற்று உயரத்திலும் இருக்கவேண்டும். மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டுப் பூனைக்கு, கவிழ்த்த சட்டியின்மேல் சிறு பீங்கான் தட்டை வைத்து, அவித்த சூரை மீனை உப்பில்லாமல் உதிர்த்துப் போட்டபோது, கூம்பு தட்டைச் சுற்றி மூடிக்கொள்ள, உள்ளே நக்கும் ஓசை மட்டும் கேட்டது. ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தின்னாவிட்டால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழையவேண்டும். மலத்தட்டில் போடும் கடற்கரை மணல் தையலில் ஒட்டும் என்பதால், அதற்குப் பதிலாகக் கிழித்த பத்திரிகைத் தாளைப் போடுவது நல்லது. தன்னை நக்க முடியாத பூனையின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

பாவம் என்று இரவில் கழற்றிவிடாதீர்கள். சொரசொரப்பான நாக்கு தையலைப் பிரிக்க அதிக நேரம் எடுக்காது. வழக்கமாக 10 முதல் 14 நாட்கள் வரை கூம்பு தேவைப்படும்.