பழைய செய்தியை நம்பும் செட்யூலர்: 5ஜி கேள்வி பதில்

சாதாரண சர்வரில் மென்பொருளாக ஓடும் 5ஜி பேஸ் ஸ்டேஷனைப் பற்றி வந்த கேள்விகள் இவை. எந்த நேரத்தில் எந்தப் போனுக்கு இடம் கொடுப்பது என்று அதில் முடிவு செய்யும் பகுதிதான் செட்யூலர். கணக்குகள் எல்லாம் ஒரே அமைப்புக்கு: 3.5 கிகாஹெர்ட்ஸ், 100 மெகாஹெர்ட்ஸ் அகலம், 30 கிலோஹெர்ட்ஸ் துணை அலை இடைவெளி. அதாவது ஒரு ஸ்லாட் (நேரத் துண்டு) அரை மில்லிசெகண்ட், அதில் 14 சிம்பல் (இன்னும் சிறிய நேரத் துண்டு), அலைவரிசையின் குறுக்கே 273 ரிசோர்ஸ் பிளாக் (ஒவ்வொன்றும் 12 துணை அலை).

கேள்வி: புரபோர்ஷனல் ஃபேர் செட்யூலரை (இப்போதைய வேகத்தைச் சராசரி வேகத்தால் வகுத்து, விகிதம் அதிகமானவருக்கு ஸ்லாட் தரும் முறை) நானே எழுதினேன் சார். நாலு போனை மேசைமேல் வைத்துச் சோதித்தால், ஆளுக்கொரு முறை வரிசையாகத் தரும் ரவுண்ட் ராபினைவிட ஒரு மெகாபிட்கூட ஏறவில்லை. கோடில் எங்கே தப்பு?

பதில்: தப்பே இல்லாமலும் இருக்கலாம். ஒருவருடைய சிக்னல் ஏறுகிற நேரம் பார்த்து அவருக்குக் கொடுப்பதில்தான் இந்த முறையின் லாபம் இருக்கிறது. மேசையில் அசையாமல் கிடக்கும் போனுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அங்கே இது ரவுண்ட் ராபின் மாதிரிதான் நடந்துகொள்ளும். போன்களோடு நடந்து பாருங்கள், அல்லது சிக்னலின் ஏற்ற இறக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கும் சேனல் எமுலேட்டர் வழியாக ஓட்டுங்கள்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: முதல் போனுக்கு இப்போது 60 மெகாபிட் முடியும், அதன் சராசரி 40. விகிதம் 1.5. இரண்டாவதுக்கு இப்போது 15, சராசரி 6. விகிதம் 2.5. ஸ்லாட் இரண்டாவதுக்குப் போக வேண்டும். முதல் போனுக்குப் போனால் உங்கள் கோடு அதிக வேகக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பலரும் சறுக்குவது சராசரியில்தான். வாய்ப்புக் கிடைக்காத ஸ்லாட்டிலும் பூஜ்யத்தைச் சேர்த்துச் சராசரியைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் அனுப்ப டேட்டாவே இல்லாதவருக்கு அப்படிச் செய்யக் கூடாது. செய்தால், பத்து விநாடி சும்மா இருந்த போன் சராசரி தேய்ந்து போய்த் திரும்பி வரும், வந்ததும் எல்லா ஸ்லாட்டையும் வாரிக்கொள்ளும். சராசரிக்கான காலம் 1000 ஸ்லாட், அதாவது அரை விநாடி, தொடங்குவதற்கு நல்ல எண்.

கேள்வி: நின்றால் நல்ல வேகம். பைக்கில் 60 கிலோமீட்டரில் போனால் பிளாக் பிழை (அனுப்பிய டேட்டா பிளாக்குகளில் தேறாதவை) 30 சதவீதம். சிக்னல் தரத்தைப் போன் சொல்லும் சிக்யூஐ அறிக்கை 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதை 10 ஆக்கட்டுமா?

பதில்: பெரிதாக உதவாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் டாப்ளர் (அசைவால் வரும் அலைவரிசை மாற்றம்) 194 ஹெர்ட்ஸ். சேனல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பது 2 மில்லிசெகண்ட்தான். அறிக்கை உங்கள் கைக்கு வருவதற்குள் அது பழங்கதை. நடக்கிற வேகத்தில் இதே கணக்கு 40 மில்லிசெகண்டைத் தாண்டும், அதனால்தான் அங்கே பிரச்சினை தெரியவில்லை. வேகமாகப் போகும் போனுக்கு எந்த ரிசோர்ஸ் பிளாக் நல்லது என்று தேடுவதை விடுங்கள். சிதறலாகக் கொடுத்து, சராசரி சிக்னலை வைத்து மாடுலேஷனை (ஒரு சிம்பலில் எத்தனை பிட் ஏற்றுவது என்பதை) தேர்ந்தெடுங்கள்.

பிழையைக் கட்டுக்குள் கொண்டுவருவது வெளிவளையத் திருத்தத்தின் வேலை. மாடுலேஷனைத் தேர்ந்தெடுக்க வைத்திருக்கும் சிக்னல் மதிப்பை, ஏக் (சரியாக வந்தது என்ற பதில்) வந்தால் 0.05 டெசிபல் ஏற்றுங்கள், நேக் (பிழை என்ற பதில்) வந்தால் 0.45 டெசிபல் இறக்குங்கள். 1:9 என்ற இந்த விகிதம் பிழையைத் தானாக 10 சதவீதத்தில் நிறுத்தும். முதல் அனுப்பலின் விடையை மட்டும் எண்ணுங்கள், மறு அனுப்பலைச் சேர்க்காதீர்கள். போனிடமிருந்து பதிலே வராவிட்டால் அது நேக் அல்ல. கட்டுப்பாட்டுச் செய்தியே போய்ச் சேரவில்லை என்று பொருள். அதை நேக் கணக்கில் போட்டால் மாடுலேஷன் காரணமில்லாமல் தரைக்கு இறங்கிவிடும். அங்கே கூட்ட வேண்டியது அக்ரிகேஷன் லெவலை, அதாவது அந்தச் செய்திக்கு ஒதுக்கும் இடத்தை.

கேள்வி: 20 போன் இணைந்தால் ரிசோர்ஸ் பிளாக்கில் 40 சதவீதம் காலியாகவே கிடக்கிறது. ஆனால் எல்லோருக்கும் டேட்டா காத்துக்கொண்டிருக்கிறது. ஏன்?

பதில்: பரிமாற இடம் இருக்கிறது, இலை போட இடமில்லை. கட்டுப்பாட்டுப் பகுதி ஒரே சிம்பல் என்றால் அதில் 45 சிசிஇ (கட்டுப்பாட்டுச் செய்தி வைக்கும் இட அலகு). எல்லோருக்கும் லெவல் 8, அதாவது செய்திக்கு 8 சிசிஇ, என்று வைத்திருந்தால் ஒரு ஸ்லாட்டில் 5 பேருக்குத்தான் செய்தி சொல்ல முடியும். அப்லிங்க் (போனிலிருந்து ஸ்டேஷனுக்கு) அனுமதியும் அதே இடத்திலிருந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு போனும் தேடும் இடம் அதன் அடையாள எண்ணை வைத்து முடிவாவதால், சிசிஇ காலியாக இருந்தும் பயன்படாமல் போவதுண்டு.

முதலில் லெவலைச் சிக்யூஐயோடு கட்டுங்கள், அருகில் இருப்பவருக்கு 1 அல்லது 2 போதும். அடுத்து, ஒரு ஸ்லாட்டில் பத்துப் பேருக்குத் துண்டு துண்டாகக் கொடுப்பதற்குப் பதில் மூன்று பேருக்குப் பெரிதாகக் கொடுத்து, மற்றவர்களை அடுத்த ஸ்லாட்டுக்குத் தள்ளுங்கள். இரண்டாவது சிம்பலைத் திறப்பது கடைசி வழி. அது ஸ்லாட்டில் 7 சதவீதத்தை விழுங்கும்.

கேள்வி: ஸ்லாட் அரை மில்லிசெகண்ட், பிங் மட்டும் 20 மில்லிசெகண்டுக்கு மேல்?

பதில்: போன் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அந்த வாய்ப்பு 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை என்றால் சராசரிக் காத்திருப்பே 10. மூன்று டவுன்லிங்க், ஒரு சிறப்பு (இரண்டும் கலந்தது), ஒரு அப்லிங்க் என்ற வரிசையில் அப்லிங்க் ஸ்லாட் 2.5 மில்லிசெகண்டுக்கு ஒன்றுதான். கேட்பு இடைவெளியைக் குறையுங்கள். முதல் அனுமதியிலேயே ஒரு சிறு பாக்கெட் முழுதாகப் போகிற அளவு கொடுத்துவிட்டால் இன்னொரு சுற்று மிச்சம்.

கேள்வி: வந்த டேட்டாவில் பிழை திருத்தும் எல்டிபிசி டிகோடர் சில நேரம் கெடுவைத் தாண்டுகிறது. சராசரி நேரம் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது.

பதில்: சராசரியைப் பார்க்காதீர்கள், மிக மோசமான ஸ்லாட்டைப் பாருங்கள். நல்ல பிளாக் மூன்று நான்கு சுற்றில் முடிந்துவிடும். தேறாத பிளாக்தான் கடைசிச் சுற்றுவரை சிபியுவைத் தின்னும். ஆகவே அப்லிங்கில் மாடுலேஷன் திருத்தம் ஒழுங்காக இல்லையென்றால் அந்தச் சுமை இங்கே வந்து இறங்கும். பைக் கேள்விக்குச் சொன்ன அதே 1:9 கணக்கை, சிஆர்சி (பிழை சரிபார்ப்பு எண்) தேறியதா இல்லையா என்பதை வைத்து அப்லிங்கிலும் போடுங்கள். பிழை 30லிருந்து 10க்கு வந்தாலே டிகோடர் மூச்சுவிடும்.

லேயர்டு முறை (ஒவ்வொரு வரிசையின் விடையையும் அதே சுற்றில் அடுத்த வரிசைக்குப் பயன்படுத்துவது) இல்லையென்றால் அதற்கு மாற்றுங்கள், சுற்றுகள் ஏறக்குறைய பாதியாகும். மின்-சம் கணக்கில் (டிகோடரின் எளிமையாக்கிய கணக்கு) 0.75 பெருக்கல் போதும். மென்மதிப்புகளை (ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 என்பதில் எவ்வளவு நம்பிக்கை என்று சொல்லும் எண்கள்) 8 பிட்டில் வையுங்கள். மிகப் பெரிய லிஃப்டிங் அளவான (ஒரே நேரத்தில் சேர்ந்து கணக்கிடும் மதிப்புகளின் எண்ணிக்கை) 384, அப்போது சிபியுவின் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளில் சரியாக 12 ரெஜிஸ்டரில் உட்காரும், ஏவிஎக்ஸ்-512இல் 6. கூட்டும்போது எல்லையில் நிற்கிற செறிவுக் கூட்டல் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சாதாரணக் கூட்டல் 127ஐத் தாண்டினால் எதிர்மறையாகச் சுருண்டு, நல்ல பிட் தலைகீழாகிவிடும். சிக்னல் நன்றாக இருக்கும்போது மட்டும் பிழை கூடுகிறதென்றால் பெரும்பாலும் இதுதான். சிபியுவின் மின்சேமிப்பு முறையையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்டெனாக்களில் கலந்து வரும் சிக்னலைப் பிரிக்கும் எம்எம்எஸ்இ சமன்பாட்டுக்கு 3276 துணை அலைக்கும் தனித்தனியாகத் தலைகீழ் அணி வேண்டுமா?

பதில்: வேண்டாம். எதிரொலிப் பரவல் 1 மைக்ரோசெகண்ட் என்றால் சேனல் சுமார் 200 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரே மாதிரி இருக்கும். 6 துணை அலைக்கு ஒன்று போதும், அதையும் தலைகீழ் எடுக்காமல் கொலெஸ்கி முறையில் (அணியை முக்கோண அணிகளாகப் பிரித்து) தீருங்கள்.

கேள்வி: 4 ஆன்டெனா ரேடியோவை 10 கிகாபிட் கேபிளில் இணைத்தேன். பாக்கெட் விழுகிறது.

பதில்: விழத்தான் செய்யும். 3276 துணை அலை, ஒவ்வொன்றுக்கும் 32 பிட், விநாடிக்கு 28,000 சிம்பல். ஆன்டெனாவுக்கு 2.94 கிகாபிட், நான்குக்கும் 11.7. பிளாக் ஃப்ளோட்டிங் பாயின்ட் சுருக்கத்தில் (ஒரு பிளாக்கின் எண்களுக்கெல்லாம் ஒரே அடுக்கு வைக்கும் முறை), எண்ணுக்கு 16 பிட்டை 9 பிட்டாக மாற்றினால் ஒரு ரிசோர்ஸ் பிளாக் 48 பைட்டிலிருந்து 28 பைட்டாகும், மொத்தம் 6.85 கிகாபிட். பாக்கெட் தலைப்புகளைச் சேர்த்தாலும் தாராளமாகப் போகும். இரண்டு முனையிலும் அதே 9 இருக்க வேண்டும். ஒரு பக்கம் 9, மறுபக்கம் 14 என்றால் பிழைச் செய்தி எதுவும் வராமலே கான்ஸ்டலேஷன் (பெற்ற சிம்பல்களின் புள்ளிப் படம்) வெறும் இரைச்சலாகத் தெரியலாம், நீங்கள் ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.